ரிஸ்டோர் பண்ணிக் காட்டுங்க

— முதலாளி முன்னாடியே கேக்குறேன், அரவிந்தன் சார். ஆயுத பூஜைக்கு மொத நாள் ராத்திரி எடுத்ததா சொல்றீங்களே ஒரு பேக்கப்பு, அத்த இப்போ என் கண்ணெதிர ரிஸ்டோர் பண்ணிக் காட்டுங்க.

— ஜெயப்பிரியா, இந்தப் பேச்சை மாமா முன்னாடி எடுக்கவே கூடாதுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?

— அதனாலதான் இங்க வந்து எடுக்குறேன்.

— இன்னாடா அரவிந்து, காலங்காத்தால? இன்னா இது ரிஸ்டோரு? வந்த பொண்ணு ஒரு வணக்கம்கூட வெக்காம ஏறுது.

— ஒண்ணுமில்ல மாமா. ஆக்சுவலி இது டெக்னிக்கல் மேட்டர். நம்ம சென்டர்ல எடுத்த பழைய ஸ்கேன் படமெல்லாம் சர்வர்ல இருக்குல்ல, அது கொஞ்சம் ஸ்லோ. அவ்வளவுதான். நீ வெளிய போம்மா, நான் வந்து பேசுறேன்.

— ஸ்லோ இல்ல, முதலாளி. செத்துப்போச்சு. பூஜைக்கு மறுநா காலைல செத்துது. மூணு வாரம் ஆவுது. அதுக்கு முன்னாடி இங்க எடுத்த ஒரு படம்கூட இப்போ கெடையாது.

— செத்துப்போச்சா? ஏய் பொண்ணு, ஒரே வார்த்தைல சொல்லு. படம் கீதா, இல்லியா?

— இல்ல.

— இருக்கு மாமா. பேனிக் ஆகாதீங்க. இவ பி.எஸ்சி. முடிச்சுட்டு வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது, பேசிக்ஸே தெரியாது. நாம வாங்கினது சாதாரணப் பொட்டி கிடையாது. என்டர்பிரைஸ் ஸ்டோரேஜ். பெரிய பெரிய பேங்க்ல வெக்கிற ஐட்டம். உள்ள ரெய்டு ஃபைவ் போட்டிருக்கு. அஞ்சு டிஸ்க்கும் ஒண்ணுக்கொண்ணு சப்போர்ட். ஒண்ணு போனா மிச்ச நாலும் தாங்கிக்கும்.

— ஒண்ணு போனா. சரியா சொன்னீங்க. ரெண்டு போனா?

— அது... ரேர் கேஸ்.

— மொத டிஸ்க்கு பொங்கல் முடிஞ்ச கையோட போச்சு. ஆரஞ்சு லைட்டு எரிஞ்சுது, கீ கீன்னு கத்துச்சு. ஓடியாந்து உங்களாண்டதான் சொன்னேன். நீங்க இன்னா பண்ணீங்க? முதலாளிக்குச் சொல்லுங்க.

— அலாரத்தை மியூட் பண்ணேன். பேஷண்டுக்கு டிஸ்டர்பன்ஸ். ஸ்டாண்டர்டு ப்ராக்டிஸ்தான் மாமா அது.

— செத்த டிஸ்க்கை மாத்தறது ஸ்டாண்டர்டு. கத்தற வாயப் பொத்தறதுக்கு எந்தக் காலேஜுல சொல்லித்தந்தாங்க உங்களுக்கு?

— ஏம்மா, ஒண்ணு செத்தா அந்த எடத்துல வேற ஒண்ணு சொருவ வேண்டியதுதானே? டிராக்டர் டயரா, மெட்ராஸ்லேர்ந்து வரணும்னு சொல்றதுக்கு? இதுல இன்னா பேஜாரு?

— இதத்தான் பொங்கல்லேர்ந்து சொல்லிக்கினு கீறேன். பஜார்ல வஹாப் பாய் கடைல அதே சைஸ் டிஸ்க்குக்கு ஆர்டர்கூட சொல்லி வெச்சேன். சார் போன் பண்ணி வேணாம்னுட்டாரு. நாலு ஓடுதே, போதும்னாரு. நாலு ஓடினா ஓடும்தான். ஆனா அப்பறம் தாங்கறதுக்கு ஆள் கெடையாது. இன்னொண்ணு வுயுந்தா அஞ்சும் குப்பை.

— வுயுந்துச்சா?

— நீங்கதானே முதலாளி இந்த வருசம் ஆயுத பூஜைக்கு சென்டர்லயும் எல்லாத்தியும் நிறுத்தச் சொன்னீங்க.

— சொன்னேன். தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, ஒரு நாளு சும்மா வுடுன்னேன். டிராக்டரு, நெல்லு மிசினு, அருவாமனை, எல்லாத்துக்கும் அன்னிக்கி லீவு. எங்க அப்பாரு காலத்து வயக்கம். அதுல இன்னா குத்தம் கண்டுபுட்ச?

— டிராக்டருக்கு நல்லதுதான். இந்தப் பொட்டி நாலு வருசமா ஒரு நிமிஷம் நிக்காம சுத்திக்கினு இருந்தது. வயசான டிஸ்க்கு அந்தச் சூட்டுலயே ஓடினா ஓடும். நிறுத்தி ஆறவெச்சா சிலது மறுபடி கெளம்பாது. ஏற்கெனவே ஒண்ணு செத்துக் கெடக்கு, இத்த மட்டும் நிறுத்தாதீங்கன்னு சார் கையப் புடிக்காத கொறையா சொன்னேன். மாமா திட்டுவாருன்னு சுவிட்சை அணைச்சாரு. மறுநா போட்டா ரெண்டாவது டிஸ்க்கு எழுந்திரிக்கவே இல்ல.

— அப்போ சாமி கும்ட்டதாலதான் போச்சுன்ற? நல்லா கீதும்மா உன் படிப்பு.

— சாமி மேல ஏன் போடுறீங்க? சாமி அந்த ஆரஞ்சு லைட்டை மறைக்கல. இவரு மறைச்சாரு. வர்ற டாக்டருங்க பாத்துக் கேப்பாங்கன்னு, சரியா லைட்டு மேலயே குங்குமத்தை வெச்சு அப்பினாரு. போயிப் பாருங்க, இன்னும் கீது.

— அடப்பாவி. நீயா வெச்ச, அரவிந்து?

— பூஜைன்னா எல்லா இடத்துலயும்தான் மாமா வெப்பாங்க...

— கீபோர்டுக்கு வெக்கல. பிரிண்டருக்கு வெக்கல. லைட்டுக்கு மட்டும் பக்தி பொத்துக்கினு வந்துச்சு சாருக்கு.

— ஜெயப்பிரியா, மைண்ட் யுவர் டங்! மாமா, கேளுங்க. ரெய்டு போச்சு, ஒத்துக்கறேன். பட் அதுக்குத்தானே பேக்கப் இருக்கு? டெய்லி ராத்திரி ஆட்டோமேட்டிக். ஞாயித்துக்கிழமை முழுசும் காப்பி ஆகும், அது ஃபுல் பேக்கப். மத்த நாள்ல புதுசா வந்தது மட்டும் காப்பி ஆகும், அது இன்கிரிமென்டல். முடிஞ்சதும் 'சக்சஸ்'னு மெயில் வரும். இவளுக்கே வருது. வருதா இல்லையா, கேளுங்க.

— வந்துது. நான் சேந்த ரெண்டு வருசமா ராத்திரிக்கு ராத்திரி சக்சஸ்தான். அந்தக் காப்பி எங்க போயி உக்காந்துச்சு, சொல்லுங்க.

— பேக்கப் வால்யூம்ல.

— அது எங்க கீது?

— ஸ்டோரேஜ்ல.

— எந்த ஸ்டோரேஜ்ல?

— அதான்... நம்ம ஸ்டோரேஜ்ல.

— செத்த பொட்டிலயா?

— டெக்னிக்கலா பாத்தா அது தனி வால்யூம்...

— முதலாளி, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். நெலத்துப் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்து, ஒரிஜினல் கீற அதே பீரோவுல கீழ் தட்டுல வெக்கிறாரு. 'பத்திரமா வெச்சுட்டேன்'னு தெனம் மெயில் அனுப்புறாரு. பீரோவே எரிஞ்சு சாம்பலாயிடுச்சு. இப்போ நம்மளைக் கீழ் தட்டுல தேடச் சொல்றாரு.

— ஸ்னாப்ஷாட்டும் எடுத்திருக்கேன் மாமா. மணிக்கு ஒரு தடவை.

— அதுவும் அதே பீரோ.

— கிளவுடுக்கு ரெப்ளிகேஷன் போட்டிருந்தேனே? இங்க சேருறது எல்லாம் தானா அங்கேயும் சேரும்.

— போட்டீங்க. சும்மா குடுத்த ட்ரையல். அது முடிஞ்சப்போ புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலைக்கூட விளம்பரம்னு நெனச்சு அழிச்சீங்க. வேற எதுனா பேரு தெரிஞ்சா சொல்லுங்க. இங்கிலீஷ்ல பேரு நெறைய வெச்சிருக்கீங்க, படம்தான் ஒண்ணும் இல்ல.

— டேய், இவ சொல்றதுக்கு நீ ஒண்ணியும் எதுத்துப் பேச மாட்டேன்ற? இன்னாத்துக்கு உன்ன சிறுசேரிக் கம்பெனிலேர்ந்து இஸ்துகினு வந்து ஐ.டி. மேனேஜர்னு போர்டு மாட்டி உக்கார வெச்சேன்?

— மாமா, எந்த சிஸ்டமும் நூறு பர்சென்ட் சேஃப் கிடையாது.

— சேஃப்பா வெக்கலாம் முதலாளி. சின்ன டிஸ்க்கு ஒண்ணு போதும். வாரத்துக்கு ஒருக்கா காப்பி எடுத்து, கயட்டி, உங்க வூட்டு பீரோவுல வெச்சுப் பூட்டிடலாம். இங்க தீப்புடிச்சாலும் அது அங்க இருக்கும். ஆஃப்சைட்டுன்னு அதுக்குப் பேரு. கேட்டேன் இவராண்ட. இன்னா சொன்னாரு தெரியுமா?

— நான் எதுவும் சொல்லல.

— 'திருப்புலிவனத்துல ஓட்டை பஸ் ஏறி வர்றவளுக்கு ஆஃப்சைட்டு கேக்குதா'ன்னாரு. டாக்டரு, டெக்னீசியன், துப்புரவு பண்ற பரிமளாக்கா எல்லாரும் இருக்கும்போது. பரிமளாக்கா மட்டும் சிரிக்கல.

— ஜோக்கா சொன்னது அது.

— நல்ல ஜோக்கு. மூணு வாரமா சிரிச்சு மாளல.

— சரி, வுடு, ரெண்டு பேரும் நாய் மாதிரி கடிச்சுக்காதீங்க. கெணத்துல வுயுந்த கொடத்தையே பாதாளக் கரண்டி போட்டுத் தூக்கறோம். மெட்ராஸுக்கு அனுப்பி அந்தச் செத்த டிஸ்க்குலேர்ந்து தோண்டி எடுக்க முடியாதா?

— எடுத்திருக்கலாம். அதுக்குன்னே கம்பெனிங்க இருக்கு. யாரும் தொடாதீங்க, மேல நம்பர் எழுதி வரிசை மாறாம அனுப்பலாம்னு குறுக்கால நின்னேன். ஒரு நாஷ்டா சாப்ட்டு வர்றதுக்குள்ள, சார் அஞ்சையும் கயட்டி மாத்தி மாத்திச் சொருவிட்டாரு. 'இனிஷியலைஸ் பண்ணட்டுமா'ன்னு ஸ்க்ரீன்ல கேட்டுச்சாம். 'எஸ்'சை அமுக்கினாராம்.

— ஃப்ரெஷ்ஷா ஸ்டார்ட் ஆகும்னு நெனச்சேன் மாமா...

— ஃப்ரெஷ்ஷாதான் ஆச்சு. சிலேட்டை எச்சி தொட்டு அழிச்ச மாதிரி ஃப்ரெஷ்ஷா ஆச்சு. ஸ்க்ரீன்ல கேட்ட கேள்விக்கு அர்த்தம் தெரியலன்னா 'நோ'வை அமுக்கணும். அதுகூடத் தெரியாம இவரு எனக்கு மேனேஜரு.

— ஏய், இரு. எல்லாம் போச்சுன்னு தெரிஞ்சுக்கினேதான் வந்து ரிஸ்டோரு பண்ணு, கிஸ்டோரு பண்ணுன்னு கேட்டியா?

— தெரிஞ்சுதான் கேட்டேன். இவரு வாயால இல்லன்னு சொல்லணும், அத்த நீங்க கேக்கணும். வேலைக்குச் சேர்ந்த மாசத்துலயே கேட்டேன், ஒரே ஒரு படத்தையாவது பேக்கப்புலேர்ந்து திருப்பி எடுத்துப் பாப்போம் சார்னு. அன்னிக்கே இவரு சொன்னாரு, இங்க இருக்கணும்னா ரிஸ்டோர்ன்ற வார்த்தைய எடுக்காதேன்னு. திருப்பி எடுத்துப் பாக்காத பேக்கப்பு பேக்கப்பே கெடையாது. அது வெறும் மெயிலு.

— சரி, போனது போச்சு. பயைய படம் இப்போ எவனுக்கு வோணும்?

— வாசல் பெஞ்சுல எட்டிப் பாருங்க. மாகறல் சிட்டம்மாள் உக்காந்துகினு கீறாங்க. எட்டு மாசம் முன்னாடி ஈரல்ல கட்டின்னு இங்கதான் ஸ்கேன் எடுத்தாங்க. பூஜை முடிஞ்சதும் மறுபடி ஒண்ணு எடுத்தாங்க. காஞ்சிபுரத்து டாக்டரு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும்ன்றாரு. வளந்திருந்தா வுடனே ஆப்பரேஷன். இல்லன்னா சும்மா வுட்டுடலாம். அந்தப் பழைய படத்துக்குத்தான் நடையா நடக்குறாங்க. சாரு தெனம் 'சர்வர் ஸ்லோ, நாளைக்கு வா'ன்னு பாட்டு பாடுறாரு.

— ரிப்போர்ட்டு காயிதம் குடுத்திருப்போமே.

— அதுல சின்னக் கட்டின்னுதான் எழுதிக்கீது. எம்மாஞ் சின்னதுன்னு படத்துலதான் தெரியும்.

— அப்போ ஃபிலிமு? எல்லாருக்கும் கறுப்பா ஒண்ணு குடுப்போமே?

— அத்தையும் சார்தான் நிறுத்தினாரு. எல்லாம் டிஜிட்டலு, கேட்டா மட்டும் சீடி குடுப்போம்னு. 'சடையப்பன் ஸ்கேன்ஸ்: உங்கள் படங்கள் எங்களிடம் பத்திரம்'னு வாசல்ல உங்க போட்டோ போட்டு எழுதி வெச்சிருக்கீங்களே, சிட்டம்மாள் அதுக்கு நேர் கீழதான் உக்காந்துகினு கீறாங்க.

— மாமா, இதுக்கு ஒரு சிம்பிள் சொல்யூஷன் இருக்கு. நேத்தே இவகிட்ட சொன்னேன், ஓவரா சீன் போடுறா. பூஜைக்கு அப்புறம் வாங்கின புது டிஸ்க்குல வேற பேஷண்ட் படம் நிறைய இருக்கு. அதே மாதிரி ஈரல், கிட்டத்தட்ட அதே வயசு. ஒண்ணை எடுத்து, மேல இருக்கிற பேரையும் தேதியையும் மாத்தி சீடில போட்டுக் கொடுத்துடலாம். அஞ்சு நிமிஷ வேலை.

— டாக்டரு கண்டுபுடிக்க மாட்டாரா?

— சான்ஸே இல்ல. அவர் பேரைத்தான் பாப்பார்.

— ஒரே வார்த்தைல சொல்லு. சென்டர் பேரு கெடாதுல்ல?

— கெடாது மாமா.

— அப்போ முடிச்சுவுடு. கெயவி, களை எடுக்கப் போறவ. அவ இன்னா படத்தப் பாத்துப் படிக்கவா போறா? ஏம்மா பொண்ணு, சட்டுனு போயி இவன் சொல்றத செஞ்சு குட்து அனுப்பு. தெனம் இவ இங்க வந்து குந்திக்கினு இருந்தா வர்ற சனம் இன்னா நெனைக்கும்?

— அந்தக் கெயவிக்கு உங்க வயசுதான், முதலாளி.

— வாய் நீளுது இதுக்கு.

— ஏன் சார், அஞ்சு நிமிஷ வேலைதானே, நீங்களே செய்ய வேண்டியதுதானே? எதுக்கு என்னைச் செய்யச் சொல்றீங்க? அதுவும் என் லாகின்ல?

— அது... ப்ரொசீஜர்.

— ப்ரொசீஜரு இல்ல. நாளைக்கு அந்தம்மாவுக்கு ஒண்ணு ஆயி யாராவது தோண்டினா, பண்ணது ஜெயப்பிரியான்னு வரணும். திருட்டுத்தனத்துக்கு மட்டும் முன்கூட்டியே பேக்கப்பு வெக்கத் தெரியுது உங்களுக்கு.

— ஏய்! யாராண்ட பேசறேன்னு தெரியுதா? உன் நைனா எங்க கயனில தண்ணி கட்டறவன். நாளைக்குக் காலைல வராதடான்னு ஒரே வார்த்தை சொன்னா தீந்துது. பெருசா டிகிரி படிச்சுட்டா. உங்க தெருவுலயே மொத ஆளு நீதான்னு, போனாப் போவுதுன்னு நாற்காலி குட்தேன்.

— தண்ணிதான் கட்டறாரு. ஆனா கடைசி மடை வரைக்கும் தண்ணி போச்சான்னு நடந்து போயிப் பாத்துட்டுத்தான் வூட்டுக்கு வர்றாரு. மொத மடையத் தொறந்துட்டு 'சக்சஸ்'னு மெயில் அனுப்பறதில்ல. நீங்க வராதன்னு சொன்னா வேற கயனிக்குப் போவாரு. நேத்து ராத்திரியே அவராண்ட எல்லாம் சொல்லிட்டேன். செய்யாதன்னாரு. அவ்ளோதான் பேசினாரு.

— அப்போ செய்ய மாட்ட?

— செய்யறதுக்கு ஒண்ணும் பாக்கியில்ல, முதலாளி. காலைல வந்தவுடனே சிட்டம்மாள் பக்கத்துல உக்காந்து சொல்லிட்டேன். உங்க பழைய படம் அழிஞ்சுபோச்சு, எங்க தப்பு, இனிமே இதுக்காக இங்க வராதீங்கன்னு.

— சொல்லிட்டியா? யாரைக் கேட்டுடி சொன்ன?

— காஞ்சிபுரத்து டாக்டருக்கும் போன் பண்ணிட்டேன். படம் இல்லன்னு மொத நாளே சொல்லியிருந்தா ஊசி வெச்சுச் சதை எடுத்துப் பாத்திருப்பேனேன்னு அவரு கத்தறாரு. இன்னிக்கே இட்டாரச் சொல்லிட்டாரு. அவங்க மவ பிரபா ஆட்டோ இட்டாரப் போயிருக்கு. நானும் கூடப் போறேன்.

— மாமா, இது டேட்டா பிரைவஸி! இவமேல போலீஸ் கம்ப்ளெய்ன்ட்டே கொடுக்கலாம்!

— குடுங்க. எழுதும்போது குங்குமத்தையும் எழுதுங்க.

— இரு, இரு. ரெண்டு பேரும் கம்முனு இருங்க. எனக்கு இப்பத்தான் உறைக்குது. ஏய் பொண்ணு, நீ சொல்றது மொத்தமும் பொய்யி. ஒரு பயைய படம்கூட இல்லன்றியே, போன வாரம் என் பொஞ்சாதி ராணியம்மாளுக்கு எப்பிடி வந்துச்சு? அவளுக்கும் ஈரல்ல கட்டிதான். போன வருசம் இங்க எடுத்த படத்தை அரவிந்து சீடில போட்டுக் கொண்டாந்து குட்தான். மெட்ராஸ்ல பெரிய டாக்டரு புதுசையும் பயசையும் பக்கத்துல வெச்சுப் பாத்து, கட்டி பாதியா சுருங்கிடுச்சு, இனிமே மாத்திரையே வோணாம், ஆறு மாசம் கயிச்சு வாங்கன்னாரு. திருமுக்கூடல் போயி பெருமாளுக்குப் பொங்கல் வெச்சுட்டு வந்தோம். அது ரிஸ்டோரு இல்லாம வேற இன்னா?

— மாமா, அதை அப்புறம் பேசிக்கலாம். ரூமுக்குப் போலாம் வாங்க.

— ஏன்டா மூஞ்சி இப்பிடி வேர்க்குது? நீ பேசாத, அவ சொல்லட்டும். சொல்லும்மா. அது எங்கேர்ந்து வந்துச்சு?

— சார் சொல்லுவாருன்னுதான் இவ்ளோ நேரம் நின்னேன். அவங்க வூட்டு அத்தையாச்சே. ஆட்டோ வந்துடுச்சு, நான் கெளம்பணும். சர்வர் ரூம் சாவி மேஜை மேல கீது. ஐடி கார்டும் அங்கயே வெச்சுட்டேன்.

— சாவி கெடக்கட்டும். நில்லு. அந்த சீடில இருந்தது ராணி படம்தானே?

— பேரும் தேதியும் அம்மாவோடதுதான். படத்துக்கு உள்ளாற மிசின் போடற நம்பரை மாத்த சாருக்குத் தெரியல. சீடில போட்ட காப்பி சார் கம்ப்யூட்டர்லயே கெடந்துச்சு, நேத்து சாயங்காலம் அதுல இருந்த நம்பரைப் புது டிஸ்க்குல தேடிப் பாத்தேன். பூஜை முடிஞ்ச வாரம் எடுத்த படம் அது.

— அப்போ மெட்ராஸ் டாக்டரு பாத்தது யாரு ஈரலு? ஏய், ஒரே வார்த்தைல சொல்லிட்டுப் போ!

— சிட்டம்மாளோடது. மொதல்ல ராணியம்மாவ டாக்டராண்ட இட்டுக்கினு போங்க, முதலாளி. நான் போறேன்.